கையில் எது, பெட்டியில் எது?

விமானப் பயணத்துக்குப் பெட்டி கட்டுவது பற்றிக் கேட்டிருந்தோம். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் எண்ணெய் இல்லாத கடிதமே குறைவு. எனவே எண்ணெயிலிருந்தே தொடங்குகிறோம்.

கேள்வி: துபாயில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் செக்குத் தேங்காய் எண்ணெய் கொண்டுபோகிறேன். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் பெட்டிக்குள் வழிந்துவிடுகிறது. போன தடவை ஒரு பட்டுப்புடவை போயிற்று. இத்தனைக்கும் பாட்டிலில் பாதிதான் எண்ணெய் இருந்தது.
– வாசகி, திருமங்கலம்

பதில்: பாதிதான் இருந்தது என்பதால்தான் வழிந்தது. கொடைக்கானல் பஸ்ஸில் ஏறும்போது வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், பெருமாள்மலை வருவதற்குள் உப்பிக்கொண்டு வெடிக்கிற மாதிரி நிற்கும், பார்த்திருப்பீர்கள். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது, பாக்கெட்டுக்குள் அடைபட்ட காற்று விரிகிறது. விமானத்திலும் இதே கதைதான். உள்ளே செயற்கையாக அழுத்தம் கொடுத்தாலும் தரையில் இருக்கும் அளவுக்குக் கொடுப்பதில்லை. அதிகபட்சம் 8,000 அடி உயர மலையில் இருக்கும் நிலை வரை இறங்கலாம். கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி. ஆக துபாய் போய்ச் சேரும்வரை உங்கள் எண்ணெய் பாட்டில் கொடைக்கானலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் சரக்கு அறையில் போகும் பெட்டிக்கும் இதே அழுத்தம்தான்.

கணக்கைப் பாருங்கள். 200 மி.லி. பாட்டிலில் 100 மி.லி. எண்ணெய், மீதி 100 மி.லி. காற்று. அழுத்தம் முக்கால் பங்காகக் குறையும்போது அந்தக் காற்றுக்கு 133 மி.லி. இடம் வேண்டும். பாட்டில் கொஞ்சம் உப்பிக் கொடுத்தாலும், மிச்சத்துக்கு ஏதாவது வெளியே போயாக வேண்டும். பாட்டில் நிமிர்ந்து நின்றால் காற்று போகும். பெட்டிக்குள் படுத்துக் கிடந்தால் வாய்ப்பக்கம் இருக்கும் எண்ணெய்தான் போகும். அதே பாட்டிலில் 190 மி.லி. எண்ணெய் இருந்தால் விரிவது 10 மி.லி. காற்று மட்டும், அதாவது மூன்று மி.லி. சங்கதி. பிளாஸ்டிக் அதைத் தாங்கிக்கொள்ளும்.

அதனால் பெரிய பாட்டிலில் பாதி கொண்டுபோகாமல், அளவுக்கேற்ற சின்ன பாட்டிலில் கழுத்துவரை ஊற்றுங்கள். விளிம்புவரை வேண்டாம், ஒரு விரல்கடை இடம் இருக்கட்டும். துபாய் வெயிலில் எண்ணெயும் கொஞ்சம் விரியும். மெத்தென்ற பாட்டிலாக இருந்தால் மூடும் முன் பக்கவாட்டில் அழுத்திக் காற்றை வெளியேற்றி, அழுத்திய கை எடுக்காமலே மூடியைத் திருகுங்கள். பாட்டில் ஒட்டிய கன்னம் மாதிரி உள்வாங்கி நிற்க வேண்டும். மேலே போனதும் அது நிமிர்ந்துகொள்ளும், எண்ணெயைத் தள்ளாது.

அடுத்து மூடி. கட்டைவிரலால் தட்டித் திறக்கிற மூடி வெறும் சொருகல்தான், அடைப்பு அல்ல. முழுதாகத் திருகும் மூடி உள்ள பாட்டிலுக்கு மாற்றுங்கள். வாயைச் சுத்தமாகத் துடையுங்கள். புரியில் எண்ணெய் இருந்தால் மூடி வழுக்கிக்கொண்டு தானாகத் தளரும். வாயின் மேல் மெல்லிய கிளிங் ஃபிலிமை இரண்டு மடிப்பாக வைத்து அதன் மேல் மூடியைத் திருகுங்கள். பால் கவரை வெட்டி வைப்பவர்கள் உண்டு. அது தடிமன், மூடி புரியில் சரியாகப் பிடிக்காது. வெளியே எலக்ட்ரீஷியன் சுற்றும் இன்சுலேஷன் டேப்பை, மூடி இறுகும் திசையிலேயே மூன்று சுற்று. பிரவுன் டேப் பசை அப்பி, துபாயில் பிரிக்கும்போது கை பிசுபிசுக்கும்.

இத்தனைக்குப் பிறகும் கசியும் என்றே வைத்துக்கொண்டு அடுக்குங்கள். பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி, ஜிப் கவர் ஒன்றில் போட்டு, அதை இன்னொரு ஜிப் கவரில் தலைகீழாக, முதல் கவரின் வாய் இரண்டாவதன் அடிப்பக்கம் வருமாறு வையுங்கள். புடவைக்குத் தனிக் கவர். பாட்டிலைப் பாதுகாப்பதைவிடப் புடவையைப் பாதுகாப்பது சுலபம்.

இன்னொன்று: தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். சரக்கு அறைக் குளிரில் கட்டியாகிவிட்டால், இறங்கியதும் பார்க்கும்போது ஒரு சொட்டுக்கூட வெளியே இருக்காது. நிம்மதியாகப் பெட்டியை மூலையில் வைத்துவிடுவீர்கள். மறுநாள் அது உருகி, தளர்ந்த மூடி வழியே வரும். போன அன்றே பாட்டிலை வெளியே எடுத்துவிடுங்கள். பட்டில் பட்டுவிட்டால் தண்ணீர் தொடாமல், முகப்பவுடரைக் கனமாகத் தூவி சில மணி நேரம் விட்டு உதறுங்கள். பிறகு டிரை கிளீனிங்.

கேள்வி: சென்னையில் சிங்கப்பூர் விமானம் ஏறும்போது 200 மி.லி. ஷாம்பூ பாட்டிலைப் பிடுங்கிவிட்டார்கள். அதில் ஐம்பது மி.லி.கூட இல்லை. சட்டம் 100 மி.லி.தானே?
– வாசகர், விளாங்குடி

பதில்: அங்கே அளப்பது ஷாம்பூவை அல்ல, பாட்டிலை. பாட்டிலின் கொள்ளளவு 100 மி.லி.க்குள் இருக்க வேண்டும். காலி பாட்டிலின் அடியில் ஒரு சொட்டு இருந்தாலும், மேலே 200 என்று அச்சிட்டிருந்தால் குப்பைத் தொட்டிதான். இப்படியான பாட்டில்கள் எல்லாம் சேர்த்து, திறந்து மூடும் ஒரு லிட்டர் கண்ணாடிக் கவர் ஒன்றுக்குள், கவர் முறுக்கேறாமல் மூடும்படி அடங்க வேண்டும். சுமார் 20 செ.மீ.க்கு 20 செ.மீ. கவர். ஆளுக்கு ஒன்று. 2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து அட்லாண்டிக் கடக்கும் விமானங்களைத் திரவ வெடிமருந்தால் தகர்க்கும் சதி பிடிபட்டதற்குப் பிறகு வந்த கட்டுப்பாடு இது.

திரவம் என்றால் தண்ணீர் மாதிரி ஓடுவது மட்டும் இல்லை. பற்பசை, ஷேவிங் கிரீம், ஹேர் ஜெல், தைலம், லிப் பாம், தேன், நெய், ஊறுகாய், பஞ்சாமிர்தம் எல்லாம் இதில் சேரும். உறைந்த தேங்காய் எண்ணெயும் சேரும்; கட்டியாக இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை. பற்பசை டியூபில் மி.லி. போடாமல் கிராம் போட்டிருப்பார்கள். 150 கிராம் குடும்ப டியூபை எடுத்துக்கொண்டு போய்க் கணக்குச் சொல்ல வேண்டாம். கட்டுச்சோறு கொண்டுபோகிறவர்களுக்கு: புளியோதரைக்கும் இட்லிப்பொடி தடவிய இட்லிக்கும் பிரச்சினை இல்லை, சட்னிக்கும் சாம்பாருக்கும் உண்டு.

அளவு தெரிந்தால் இந்தக் கவர் தாராளம். பற்பசை ஒருவருக்கு நாளைக்கு இரண்டு வேளையும் சேர்த்து இரண்டு கிராம் போதும். பத்து நாளைக்கு 20 கிராம் சின்ன டியூப். ஷாம்பூவுக்கு பாட்டிலே வேண்டாம். சாஷே இருக்கிறது. அதற்கு முன்னோடியே கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன்தானே, நாமே பயன்படுத்தாவிட்டால் எப்படி? தலைக்கு ஒன்று அல்லது இரண்டு கணக்கில் எண்ணி எடுத்து, ஓரம் கிழியாதவையாகப் பார்த்து அதே கவரில் போடுங்கள். சாஷேயும் உப்பும், ஆனால் கிழிவது அபூர்வம்.

இன்னும் நல்ல வழி, திரவமே இல்லாமல் போவது. சோப்புக் கட்டி, பல்பொடி, சீயக்காய்த் தூள், படிகாரக் கட்டி எதுவும் அந்தக் கவர் கணக்கில் வராது. ஈர சோப்பை மட்டும் டப்பாவில் அடைக்காதீர்கள். கிளம்பும் நாளில் புது சோப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

மதுரை–சென்னை உள்நாட்டு விமானத்தில் இந்த 100 மி.லி. கெடுபிடி அவ்வளவு இருக்காது. அதை நம்பி ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். மதுரையில் விட்டுவிட்டார்களே என்று சென்னையில் சொன்னால் எடுபடாது. கைப்பையைச் சென்னை சோதனைக்குத் தகுந்த மாதிரியே மதுரையில் கட்டுங்கள்.

கேள்வி: மதுரை–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–கோலாலம்பூர் தனி டிக்கெட். இரண்டாவதில் 30 கிலோ போட்டிருக்கிறது. மதுரையிலிருந்தே 30 கிலோ கொண்டுபோகலாமா?
– வாசகர், மேலூர்

பதில்: முடியாது. தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானத்துக்கு உங்களிடம் இருப்பது உள்நாட்டு டிக்கெட் மட்டுமே. எகானமி வகுப்பில் பெரும்பாலும் 15 கிலோ, கையில் 7 கிலோ. மீதி 15 கிலோவுக்கு மதுரை கவுண்டரிலேயே கிலோ கணக்கில் பணம் கட்ட வேண்டும். ஒரே பி.என்.ஆரில் இரண்டு பயணமும் இருந்தால் பொதுவாகச் சர்வதேச அளவே மதுரையிலிருந்து செல்லும், பெட்டியும் நேராகக் கோலாலம்பூரில் வந்து சேரும். தனி டிக்கெட்டில் நீங்கள்தான் சென்னையில் பெட்டியை எடுத்து, சர்வதேச முனையத்துக்கு இழுத்துப் போய் மறுபடி போட வேண்டும். நேரத்தையும் அதற்கேற்பக் கணக்கிடுங்கள்.

டிக்கெட் எடுத்தாயிற்று என்றால் இரண்டு வழி. கூடுதல் எடையை முன்கூட்டியே நிறுவனத்தின் இணையதளத்தில் வாங்குங்கள். கவுண்டரில் வாங்குவதைவிடக் குறைவு. அல்லது சென்னை வரை ரயில். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஆளுக்கு 40 கிலோ இலவசம். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம்; எதிரே விமான நிலையம். பெரிய பெட்டியோடு படி ஏறி இறங்க ஆள் துணை இருந்தால் இதுவே சிக்கனம்.

எடை பார்ப்பதில் ஒரு சூட்சுமம். பெட்டியை நேராகக் குளியலறைத் தராசில் வைத்தால் எண் தெரியாது, பெட்டி ஒரு பக்கம் தரையைத் தொட்டுக்கொண்டு எடையும் குறைத்துக் காட்டும். முதலில் நீங்கள் மட்டும் நில்லுங்கள், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நில்லுங்கள், கழியுங்கள். கொக்கியில் தொங்கவிடும் டிஜிட்டல் தராசு இருந்தால் இன்னும் நல்லது. எப்படிப் பார்த்தாலும் ஒரு கிலோ குறைவாகக் கட்டுங்கள், வீட்டுத் தராசும் விமான நிலையத் தராசும் ஒத்துப்போவதில்லை. பழைய பேப்பர் கடைத் தராசில் பார்த்தோம் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அந்தத் தராசு எப்போதும் குறைத்துத்தான் காட்டும் என்பதை அவருக்கு நாங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

பெட்டியின் சொந்த எடையையும் பாருங்கள். 28 அங்குல கெட்டிப் பெட்டி காலியாகவே நாலு, ஐந்து கிலோ. பதினைந்து கிலோவில் மூன்றில் ஒரு பங்கைப் பெட்டிக்கே கொடுத்துவிட்டுப் பிறகு துவையல் பொடிக்கு இடமில்லை என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை. எடை பாக்கி இருந்தாலும் ஒரே பெட்டியில் 32 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது, தூக்குகிற ஊழியரின் முதுகுக்காக வைத்த உச்சவரம்பு அது.

கேள்வி: மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போகிறேன். சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, அங்காயப் பொடி, கருவேப்பிலை, பொன்னி அரிசி, கசகசா எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். எதைக் கையில் வைப்பது? பெட்டிக்குத் திண்டுக்கல் பூட்டு போடலாமா?
– வாசகி, தல்லாகுளம்

பதில்: அம்மா, பொடி எதையும் கையில் வைக்க வேண்டாம். மிளகாய்ப் பொடி வகையறாவை நம் ஊர்ச் சோதனையிலேயே கைப்பையில் விடமாட்டார்கள். அமெரிக்கா போகும் விமானத்தில் 350 மி.லி. அளவுக்கு, அதாவது ஒரு குளிர்பான டின் அளவுக்கு மேல் எந்தப் பொடி இருந்தாலும் தனியாகப் பிரித்துப் பார்ப்பார்கள். எல்லாம் பெரிய பெட்டிக்குள் போகட்டும்.

பச்சைக் கருவேப்பிலையை எடுத்துவிடுங்கள். எலுமிச்சைக் குடும்பத்து மரங்களைத் தாக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வாழும் என்பதால் அமெரிக்காவில் அதற்குத் தடை. அரிசியும் வேண்டாம், தானியத்தைத் தின்னும் கப்ரா வண்டுக்குப் பயந்து இந்தியாவிலிருந்து பயணிகள் கொண்டுவரும் அரிசியை எடுத்துவிடுவார்கள். கசகசா அங்கே சாதாரணப் பலசரக்கு. ஆனால் போகும் வழியில் துபாயிலோ அபுதாபியிலோ விமானம் மாறுவதாக இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். அமீரகத்தில் கசகசா போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. சிங்கப்பூரிலும் தடை. குருமாவுக்கு அரைக்கப் பொட்டலம் கட்டிப் போய்ச் சிக்கிக்கொண்டால் விளக்கம் சொல்லித் தீராது.

இறங்கியதும் உணவுப்பொருள் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்றே சொல்லுங்கள். சொல்லிக் காட்டினால் கூடாததை எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். இல்லை என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் அகப்பட்டால்தான் அபராதம்.

பொடி கட்டும் விதம்: வறுத்து அரைத்ததை அகலமான தட்டில் பரப்பி முழுக்க ஆறவிடுங்கள், ஒரு ராத்திரி ஆனாலும் சரி. உள்ளே சூடு இருந்தால் கவருக்குள் வேர்த்து, பத்தாவது நாள் கட்டி தட்டும். ஜிப் கவரில் ஸ்பூனால் போடாமல், ஒரு பேப்பரைக் கூம்பாகச் சுருட்டிக் கவரின் அடிவரை நுழைத்து அதன் வழியே கொட்டுங்கள். காரணம் இருக்கிறது: ஜிப்பின் குழியில் ஒரு துளி பொடி ஒட்டினாலும் அந்த இடத்தில் மூடாது. மூடும் முன் உலர்ந்த துணியால் குழியை ஒரு தரம் துடையுங்கள். முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல், தட்டையாக அழுத்திக் காற்றை எடுத்து மூடி, விரலால் இரண்டு முறை நெடுகத் தேயுங்கள். பிறகு இன்னொரு கவர். மேலே பொருளின் பெயரை இங்கிலீஷில் எழுதி ஒட்டுங்கள். பெயர் இல்லாத வெள்ளை, பழுப்புப் பொடிகள்தான் பெட்டியைத் திறக்க வைக்கும். பெருங்காயத்தை மட்டும் எவர்சில்வர் டப்பாவில் அடைத்து டேப் சுற்றுங்கள். இல்லாவிட்டால் குழந்தைக்குக் கொண்டுபோகும் சட்டையெல்லாம் ரசம் மணக்கும்.

திண்டுக்கல் பூட்டு வீட்டைக் காக்கட்டும். அமெரிக்க விமான நிலையங்களில் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தால், அவர்கள் கையில் சாவி உள்ள டி.எஸ்.ஏ. (அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை) பூட்டைத் திறந்து மூடுவார்கள், மற்றதை வெட்டிவிடுவார்கள். சிவப்பு வைர அடையாளம் பார்த்து வாங்குங்கள். மாங்காய்ப் பூட்டை வெட்ட அவர்கள் படும் பாட்டை நினைத்தால் சிரிப்பு வருகிறது, ஆனால் வெட்டுவது பூட்டை விட்டுவிட்டுப் பெட்டியின் ஜிப்பையாக இருக்கும்.

கேள்வி: டெல்லியில் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம். பூஜைச் சாமான் எல்லாம் மதுரையிலிருந்தே கொண்டுபோகலாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.
– வாசகர், அனுப்பானடி

பதில்: மஞ்சள், குங்குமம், விபூதி, ஊதுபத்தி, பட்டு வேட்டி, குத்துவிளக்கு எல்லாம் பெரிய பெட்டியில் போகலாம். குத்துவிளக்கைக் கழற்றித் துண்டு துண்டாகத் துணியில் சுற்றுங்கள். கூர்முனையுள்ள உச்சியைக் கைப்பையில் வைத்தால் கேள்வி வரும். சூடம் கூடவே கூடாது, கையிலும் கூடாது பெட்டியிலும் கூடாது, அது எரியும் திடப்பொருள். தீப்பெட்டியும் லைட்டரும் அப்படியே. கொப்பரைக்கும் தடை. கொப்பரையில் எண்ணெய் அதிகம், குவிந்து கிடந்தால் தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும் தன்மை உள்ளது என்பதால் ஆபத்தான சரக்குப் பட்டியலில் அதற்குத் தனி எண்ணே இருக்கிறது. முழுத் தேங்காயையும் கைப்பையில் விடமாட்டார்கள். சபரிமலை இருமுடிக்காக மட்டும் 2024ஆம் ஆண்டு மண்டல காலத்தில், 2025 ஜனவரி 20 வரை தேங்காயைச் சோதித்துக் கையில் விட்டார்கள். கிரகப்பிரவேசத்துக்கு அந்தச் சலுகை இல்லை. சூடமும் தேங்காயும் டெல்லியில் கரோல் பாக் தமிழ்க் கடைகளில் கிடைக்கும்.

கேள்வி: மும்பையில் தங்கை வளைகாப்பு, மாலை ஆறு மணிக்கு. மதுரை மல்லி இரண்டு கிலோ கொண்டுபோக வேண்டும். வாடாமல் போகுமா?
– வாசகி, சிந்தாமணி

பதில்: போகும், கட்டாமல் கொண்டுபோனால். காலையில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில், இதழ் சற்றும் விரியாத, அன்று மாலை மலரும் மொட்டாகக் கேட்டு வாங்குங்கள். முந்தின நாள் மொட்டைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். காம்பு பச்சையாக இருக்கிறதா, நுனியில் பழுப்பு ஏறியிருக்கிறதா என்று ஒரு கைப்பிடி எடுத்துப் பாருங்கள். மேலே தண்ணீர் தெளித்துத் தருவார்கள். அதை மறுத்துவிடுங்கள், நீர் நின்ற இடத்தில் இதழ் பழுக்கும். வாங்கியவுடன் செய்தித்தாளில் பரப்பி, மின்விசிறியைப் போடாமல் கால் மணி நேரம் வையுங்கள், சூடு தணியட்டும்.

தெர்மாகோல் பெட்டியின் அடியிலும் சுற்றிலும் வாழை இலை. பிழிந்து, சொட்டு விழாத ஈரத் துணி ஒன்று இலைக்கு வெளிப்பக்கம். பூ துணியைத் தொடக் கூடாது. மொட்டை நாலு விரல் உயரத்துக்கு மேல் குவிக்காமல், நடுவில் ஓர் இலை வைத்து இரண்டு அடுக்காகப் போடுங்கள். கனம் அழுத்தினால் அடியில் உள்ளது வெந்த மாதிரி ஆகிவிடும். மூடியில் பென்சில் பருமனில் நாலைந்து ஓட்டை. ஐஸ் ஜெல் வைக்க ஆசைப்படாதீர்கள். கைப்பைச் சோதனையில் அது ஜெல்லாகவே நிற்கும், அதோடு ஒட்டிய மொட்டு கருகும். பெட்டியைக் கையோடு கொண்டுபோங்கள். 55க்கு 35க்கு 25 செ.மீ. அளவுக்குள் இருந்தால் இருக்கைக்கு மேலே அடங்கும். அங்கே போய் நாலு மணிக்குக் கட்ட உட்கார்ந்தால் ஆறு மணிக்குத் தலையில் விரியும். நூலும் வாழைநாரும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் போகுமா? பெரிய பெட்டியில் போட்டால் தொந்தரவு இல்லையே?
– வாசகர், செல்லூர்

பதில்: போகும், ஆனால் கைப்பையில் மட்டும். பெரிய பெட்டியில் போட்டால் எக்ஸ்ரேயில் தெரிந்து உங்களைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். லித்தியம் மின்கலம் தீப்பிடித்தால் ஆட்கள் இருக்கும் இடத்தில் அணைக்கலாம், சரக்கு அறையில் யாரும் இல்லை. வரம்பு 100 வாட்-ஹவர். 20,000-ஐ மின்கலத்தின் வோல்ட்டான 3.7-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் 74 வருகிறது. 27,000 வரை சரி. 30,000 என்றால் 111, நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160-க்கு மேல் கிடையாது. எண் அழிந்துபோன பவர் பேங்கைக் கொண்டுபோகாதீர்கள். படிக்க முடியாததை அவர்கள் நம்ப மாட்டார்கள்.

மதுரைக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சென்னைக்குப் போகும் விமானங்களில் சில விசிறி வைத்த ஏ.டி.ஆர். ரகம். மேல் அலமாரி சிறியது. கைப்பையை விமானத்தின் வாசலிலேயே வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள். அப்போது பவர் பேங்க், மருந்து, நகை, பாஸ்போர்ட் எல்லாம் அதற்குள் மாட்டிக்கொள்ளும். இவற்றை ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு, அந்தப் பையைக் கைப்பையின் வாயிலேயே வையுங்கள். ஒரு இழுப்பில் எடுத்துக்கொண்டு ஏறிவிடலாம்.

கேள்வி: சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறேன். இருமல் மருந்தும் வலி மாத்திரையும் சேர்த்து துபாய் கொண்டுபோகலாமா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: இன்சுலின் கையோடுதான் வர வேண்டும். சரக்கு அறையில் குளிர் உறைநிலையை நெருங்கலாம். ஒரு தரம் உறைந்த இன்சுலின் உருகிப் பழைய மாதிரி தெரிந்தாலும் வேலை செய்யாது, தூக்கி எறிய வேண்டியதுதான். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பேனா 30 டிகிரிக்குள் பெரும்பாலும் நாலு வாரம் தாங்கும். எனவே பயண நேரத்துக்கு ஐஸ் தேவையில்லை, வெயிலில் நின்ற காருக்குள் விடாமல் இருந்தால் சரி. தண்ணீரில் நனைத்து வைக்கும் குளிர்பைகள் கிடைக்கின்றன, நம் மண்பானைத் தத்துவம்தான். ஊசி, பேனா, சீட்டு மூன்றும் ஒரே பையில் இருக்கட்டும். மருத்துவர் சீட்டில் மருந்தின் மூலப்பெயர் இங்கிலீஷில், முத்திரையோடு வேண்டும். மாத்திரைகளை அட்டையோடு கொண்டுபோங்கள். பிரித்து டப்பாவில் போட்டால் அது என்ன மாத்திரை என்று நிரூபிக்க முடியாது.

இருமல் மருந்தில் கோடீன், வலி மாத்திரையில் டிரமடால் இருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். இங்கே சாதாரணமாக எழுதிக் கொடுக்கும் இவை அமீரகத்தில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை, முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் வழக்கு. மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்து வாங்கிக்கொள்வதே நல்லது. வெற்றிலையும் அங்கே தடைப் பட்டியலில் இருக்கிறது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சென்ட், பாடி ஸ்பிரே?
– வாசகர், ஒத்தக்கடை

பதில்: பெரிய பெட்டியில் ஒவ்வொன்றும் 500 மி.லி.க்குள், ஸ்பிரே, சென்ட், சானிடைசர் எல்லாம் சேர்த்து ஆளுக்கு இரண்டு லிட்டருக்குள். மேல்மூடி இல்லாத ஸ்பிரேயைப் போடாதீர்கள். பெட்டிக்குள் அழுந்தி முழுதும் பீச்சிவிடும். உருளை வைத்த டியோடரண்ட் அழுத்த மாற்றத்தில் கசியும் ரகம், அதற்கு ஜிப் கவர் அவசியம்.

கேள்வி: அட்டைப்பெட்டியில் சாமான் கட்டி நைலான் கயிறு போட்டால் ஏற்றுக்கொள்வார்களா?
– வாசகர், ஆண்டிபட்டி

பதில்: அட்டைப்பெட்டியை ஏற்பார்கள். கயிற்றின் முடிச்சும் தொங்கும் வாலும்தான் கன்வேயரில் சிக்கிக் கிழிக்கும். டேப்பை அகலவாக்கில் மூன்று, நீளவாக்கில் இரண்டு சுற்று ஒட்டினால் கயிறே வேண்டாம். துணி மூட்டையாகவோ உருண்டையாகவோ கட்டாதீர்கள். துபாய் விமான நிலையம் 2017 மார்ச் முதல் ஒரு பக்கமாவது தட்டையாக இல்லாத பொதியை வாங்குவதில்லை. ஆரஞ்சுப் பழ அட்டைப்பெட்டி வேண்டாம், அதன் பக்கங்களில் காற்றோட்டத்துக்கு வைத்த ஓட்டை வழியாக அட்டை கிழியும். இரட்டை அலை அட்டை கேட்டு வாங்குங்கள்.

கிளம்பும் முன் பெட்டியை நாலு பக்கமும், திறந்த நிலையில் உள்ளேயும் செல்போனில் படம் எடுங்கள். உடைந்து வந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே நிறுவனத்தின் கவுண்டரில் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். சர்வதேசப் பயணத்தில் சேதத்துக்கு 7 நாள், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்ததிலிருந்து 21 நாள் கெடு. போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டிய சின்ன ஸ்டிக்கரை அதுவரை கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.